மெல்பர்ன் டெரஸ் வீட்டின் பாரம்பரிய மதிப்பைக் கணிப்பது எப்படி?

மெல்பர்னின் கார்ல்டன், ஃபிட்ஸ்ராய், ஈஸ்ட் மெல்பர்ன், ஆல்பர்ட் பார்க் பக்கம் நடந்தால், சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் இரண்டடுக்கு வீடுகள் கண்ணில் படும். இவைதான் டெரஸ் வீடுகள். உச்சியில் கலசமும் சிப்பி வடிவமும், நடுவில் வார்ப்பிரும்புப் பின்னல், வாசலில் வண்ண ஓடு. இவற்றில் ஒன்றை வாங்க நினைப்பவர்களுக்கும், வாங்கிவிட்டு என்ன செய்யலாம் என்று யோசிப்பவர்களுக்கும், உள்ளூர் வரலாற்றுக் கழகத்தில் சேர்ந்து முதல் அறிக்கையை எழுத உட்காருகிறவர்களுக்கும் இந்த வழிகாட்டி.

முதல் அறிக்கைகளில் அநேகமாக இரண்டே காரணங்கள்தான் வரும்: வீடு பழையது, வீடு அழகானது. இரண்டையும் வைத்துக்கொண்டு எந்த மன்றத்திலும் வாதாட முடியாது. அந்தக் காலத்து டெரஸ் வீடுகள் மெல்பர்னில் தெருத் தெருவாக இருக்கின்றன. அழகு ஆளுக்கு ஆள் மாறும். அந்த அலங்காரம் எதற்குச் சாட்சி என்பதுதான் கேள்வி. எந்தப் பணம் அதைக் கட்டியது, எந்தச் சட்டம் அதற்கு உருவம் கொடுத்தது, எந்தப் பட்டறையில் வார்த்தார்கள், பிறகு யார் குடியிருந்து எதை மாற்றினார்கள்? இவற்றுக்கு வீட்டிலும் காகிதத்திலும் ஆதாரம் காட்டினால் மதிப்பு தானாக நிறுவப்படும்.

முதல் படி: சட்டம் ஏற்கெனவே என்ன சொல்லியிருக்கிறது?

அளவுநாடாவை எடுப்பதற்கு முன் கணினியைத் திறங்கள். விக்டோரிய அரசின் விக்பிளான் தளத்தில் முகவரியைத் தட்டினால் அந்த மனைக்கு ஹெரிட்டேஜ் ஓவர்லே (சுருக்கமாக எச்ஓ; பாரம்பரியப் பாதுகாப்புக் கட்டுப்பாடு) இருக்கிறதா என்று தெரியும். கார்ல்டனின் பெரும்பகுதி எச்ஓ1 என்ற ஒரே எண்ணுக்குள் வருகிறது. சில வீடுகளுக்குத் தனி எண் உண்டு. வீடு வாங்குகிறவர்களுக்கு விற்பவர் தரும் பிரிவு 32 அறிக்கையிலும் இந்தத் தகவல் இருக்கும். கையெழுத்துப் போட்ட பிறகு படிப்பதால் பயனில்லை.

மூன்று பட்டியல்களைப் புதியவர்கள் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். விக்டோரியப் பாரம்பரியப் பதிவேடு மாநில அளவிலானது, 2017ஆம் ஆண்டின் பாரம்பரியச் சட்டத்தின் கீழ் வருவது. அதில் ஏறிய வீட்டில் உள்ளே ஒரு கணப்பு மாடத்தைக் கழற்றவும் ஹெரிட்டேஜ் விக்டோரியா அமைப்பின் அனுமதி தேவைப்படலாம். ஹெரிட்டேஜ் ஓவர்லே நகராட்சியின் திட்டவிதி. பொதுவாக அது வெளிப்புறத்தை மட்டுமே கட்டுப்படுத்தும். உட்புறம், வண்ணம், மரங்கள், வேலிகள், பின்கட்டுகள் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டா என்பதை அதன் அட்டவணையில் கட்டம் கட்டமாகப் பார்க்க வேண்டும். மூன்றாவது, நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் வகைப்பாடு. அது மரியாதைக்குரிய அங்கீகாரம்தான், ஆனால் சட்ட பலம் கிடையாது. ‘டிரஸ்ட் பட்டியலில் இருக்கிறது, யாரும் இடிக்க முடியாது’ என்று தரகர் சொன்னால் நம்பாதீர்கள்.

ஓவர்லேக்குள் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு தரம் உண்டு: தன்னளவிலேயே சிறப்புடையது, பகுதியின் சிறப்புக்குப் பங்களிப்பது, பங்களிப்பு இல்லாதது. மெல்பர்ன் நகராட்சியின் பழைய ஆவணங்களில் ஏ முதல் டி வரை எழுத்துத் தரம் போட்டிருப்பார்கள். அது வேறு அளவுகோல். பழைய ‘சி’ என்பதைப் பார்த்து வீடு மூன்றாந்தரம் என்று முடிவுகட்ட வேண்டாம்.

நிக்கல்சன் தெரு மாதிரி இடங்களில் இன்னொரு அடுக்கும் சேரும். எதிரிலுள்ள ராயல் எக்ஸிபிஷன் பில்டிங்கும் கார்ல்டன் கார்டன்ஸும் 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின; அவற்றைச் சுற்றியுள்ள தெருக்களுக்கும் தனி வரையறை உண்டு.

இரண்டாம் படி: எதிர் நடைபாதைக்குப் போங்கள்

டெரஸ் வீட்டைத் தனி வீடாகப் பார்ப்பது அடிப்படைத் தவறு. ஒரே கட்டுமானம், நடுவில் பொதுச்சுவர்கள், முன்னால் திரும்பத் திரும்ப வரும் ஒரே தாளம். எட்டு வீட்டு வரிசையில் ஒன்று தன் பால்கனியை இழந்தால் மற்ற ஏழின் மதிப்பிலும் கொஞ்சம் போய்விடுகிறது.

எதிர்ப்பக்கம் நின்று வரிசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறியுங்கள். உச்சியிலுள்ள கைப்பிடிச் சுவரின் நடுவில் பெரிய முக்கோண முகப்பு இருந்தால் அதன் இருபுறமும் வீடுகளை எண்ணுங்கள். ஒருபுறம் மூன்று, மறுபுறம் இரண்டு என்றால் ஒன்று இடிந்திருக்கலாம், அல்லது பணம் தீர்ந்து வேலை பாதியில் நின்றிருக்கலாம். இரண்டும் வேறு வேறு கதை. எது நடந்தது என்று பிறகு ஆவணத்தில் தேட இங்கேயே குறித்துவையுங்கள்.

காலத்தைத் தோராயமாகக் கணிக்கவும் இந்தத் தூரம் உதவும். 1850களின் வீடுகள் அடக்கமானவை. ஃபிட்ஸ்ராயில் உள்ள ராயல் டெரஸ் 1853 முதல் 1858 வரை கட்டிய பத்து வீட்டு வரிசை. நீலக்கல் எனப்படும் கருங்கல்லில் மூன்று தளம், அலங்காரம் குறைவு. 1860, 70களில் வராந்தாக்களும் இருவண்ணச் செங்கல்லும் பரவின. 1880களில் நிலச் சூதாட்டப் பணம் கொழித்தபோது முகப்பு முழுக்கச் சிமென்ட் பூச்சும் சிற்பமும் இரும்புப் பின்னலும் ஏறின. மெல்பர்ன்காரர்கள் இதை ‘பூம்’ பாணி என்பார்கள். 1890களின் தொடக்கத்தில் வங்கிகள் கவிழ்ந்தபின் ஆடம்பரம் சட்டென்று நின்றது. அதன்பின் வந்தவை பெரும்பாலும் செங்கல் முகம் காட்டும் வேறு வகை.

மூன்றாம் படி: முகப்பை மேலிருந்து கீழாகப் படியுங்கள்

இதற்கு அவசரப்படக் கூடாது. இருகண்ணோக்காடி, கைவிளக்கு, சிறு காந்தம், அளவுநாடா, கேமரா ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். காலை அல்லது மாலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரம் நல்லது. உச்சி வெயிலில் புடைப்பு வேலை தட்டையாகத் தெரியும்.

உச்சியில் கைப்பிடிச் சுவர். கூரையை மறைத்து நிற்கும் இந்தச் சுவரும், வீட்டுக்கு வீடு கூரைக்கு மேல் நீட்டியிருக்கும் பொதுச்சுவரும் வெறும் அலங்காரம் அல்ல. 1849இல் இயற்றிய மெல்பர்ன் கட்டடச் சட்டம் தீ பரவாமல் தடுக்க, ஒட்டிய வீடுகளுக்கிடையே எரியாத சுவரைக் கட்டாயமாக்கியது. பால்கனியின் இரு முனைகளிலும் முன்னோக்கி வரும் இறக்கைச் சுவரும் அதே தீக்கணக்குதான். மெல்பர்ன் டெரஸின் முகவெட்டில் பாதி இந்தத் தீயணைப்பு விதியால் வந்தது என்றால் மிகையில்லை. உங்கள் அறிக்கையில் இது வரலாற்று மதிப்பாக வர வேண்டும். பெரும்பாலோர் இதை அழகுக் கணக்கில் போட்டுவிடுகிறார்கள்.

கைப்பிடிச் சுவரில் பெயரும் ஆண்டும் புடைப்பெழுத்தில் இருக்கலாம். ஆண்டை நம்பலாம், ஆனால் முழுதாக நம்ப வேண்டாம். அது வேலை தொடங்கிய ஆண்டாகவோ முடித்த ஆண்டாகவோ இருக்கும். வரிசை இரண்டு கட்டமாக எழுந்திருந்தால் ஒரு பகுதிக்குத்தான் பொருந்தும். கலசங்களை எண்ணுங்கள். பீடம் இருந்து கலசம் இல்லையென்றால், தெருவில் விழுந்துவிடும் என்ற பயத்தில் பிற்காலத்தில் இறக்கியிருப்பார்கள். பீடத்தின் தலையில் துரு பிடித்த இரும்புக் கம்பி முனை தென்பட்டால் கலசம் இருந்ததற்கு அதுவே ஆதாரம், படமெடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பூச்சு. செங்கல்மேல் சிமென்ட் பூசி, ஈரமாக இருக்கும்போதே கோடு கிழித்து, பெரிய கல் அடுக்கியது போலக் காட்டியிருப்பார்கள். நீளமான கார்னிஸ் (சுவரிலிருந்து முன்தள்ளி நிற்கும் பட்டை) வரிகளை ஈரப் பூச்சின்மேல் தகர அச்சை இழுத்து அங்கேயே உருவாக்குவார்கள். இலை, முகம், தாங்கு போன்ற தனித் துண்டுகளை அச்சில் வார்த்து ஒட்டுவார்கள். இறக்கைச் சுவரின் முனையில் உள்ள கட்டத்தை அருகில் போய்ப் பாருங்கள். புழு அரித்தது போன்ற வளைவு நெளிவுகள் இருக்கும். அசல் வேலையில் அந்த நெளிவின் விளிம்பு கூர்மையாகவும் பள்ளம் ஆழமாகவும் இருக்கும். பல தடவை பெயின்ட் அடித்ததில் பள்ளம் நிரம்பி, விளிம்பு மழுங்கி, எண்ணெய்க் கொழுப்பு உறைந்த மாதிரி தெரிந்தால் கவலை வேண்டாம், அசல் உள்ளே இருக்கிறது. பள்ளமே சீராக, ஆழமில்லாமல் எல்லாக் கட்டத்திலும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தால் சந்தேகப்படுங்கள்.

விரல் கணுவால் பூச்சைத் தட்டிப் பாருங்கள். திடமான ஒலி என்றால் சுவரைப் பிடித்திருக்கிறது. வெற்றொலி என்றால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. வெற்றொலி வரும் பரப்பைப் படத்தில் குறியுங்கள். மதிப்பீட்டுக்கும் உதவும், பழுதுக் கணக்குக்கும் உதவும்.

பூச்சு இல்லாத செங்கல் முகப்பு என்றால் வேறு கணக்கு. செம்பழுப்புச் சுவரில் வெளிர்மஞ்சள் செங்கல்லால் பட்டை, மூலைக்கட்டு, வளைவு போடும் பலவண்ண வேலை மெல்பர்னின் கையெழுத்து. 1863இல் வட இத்தாலியைப் பார்த்துத் திரும்பிய ஜோசப் ரீட் என்ற கட்டடக் கலைஞர் 1860களின் பிற்பகுதியில் தேவாலயத்திலும் மாளிகையிலும் அதைப் புகுத்தினார். அடுத்த இருபது ஆண்டுகளில் அது சாமானியர் தெருவரை இறங்கி வந்தது. இந்தச் செங்கல்லில் மணல்பீச்சிச் சுத்தம் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். சூளையில் வெந்த கெட்டித் தோல் போய், தொட்டால் மாவாக உதிரும். இது திரும்ப வராத இழப்பு. அறிக்கையில் தயங்காமல் எழுதுங்கள்.

வராந்தாத் தரையில் பல வண்ண முக்கோண, எண்கோண ஓடுகள் இருக்கும். இங்கிலாந்தின் மின்டன், மா நிறுவனங்களின் ஓடுகள் ஏராளமாக இறக்குமதியாயின. ஓரத்தில் ஓர் ஓடு தளர்ந்து கிடந்தால் மெல்லத் திருப்பி, பின்முத்திரையைப் படமெடுத்து அப்படியே வைத்துவிடுங்கள். முன்வேலியில் நீலக்கல் அடிப்பீடத்தைக் கவனியுங்கள். மேலே கம்பி வேலி போயிருந்தாலும், கல்லில் ஈயம் ஊற்றிய துளைகள் வரிசையாக இருக்கும். துளைக்குத் துளை தூரத்தை அளந்தால் பழைய கம்பிகளின் இடைவெளி கிடைத்துவிடும்.

நான்காம் படி: இரும்புப் பின்னல்

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம், ஏமாறும் இடம் இதுதான். பால்கனிக் கம்பித் தடுப்பு, மேலே தொங்கும் ஃபிரீஸ் பட்டை, தூண் மூலைத் தாங்கு மூன்றையும் தனித்தனியாகச் சோதியுங்கள். முதலில் காந்தம். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம், அதாவது பிற்கால நகல். அதே வீட்டில் தடுப்பு அசலாகவும் ஃபிரீஸ் நகலாகவும் இருப்பது சாதாரணம். ஃபிரீஸை வெறுங்கையால் எட்ட முடியாது என்பதால், காந்தத்தை ஒரு கழியில் கட்டிக்கொள்ளுங்கள்.

இரும்பு என்பதாலேயே அசல் ஆகிவிடாது. பழைய பலகை ஒன்றையே அச்சாக வைத்து மணலில் பதித்து வார்த்த நகல்களும் உண்டு. உருகிய இரும்பு ஆறும்போது சுமார் 1 சதவீதம் சுருங்கும். 600 மில்லிமீட்டர் அகலப் பலகையின் நகல் 6 மில்லிமீட்டர் குறைவாக வரும். வரிசையிலுள்ள அத்தனை வீட்டின் பலகைகளையும் அளந்து பட்டியல் போடுங்கள். நகல் தானாக ஒதுங்கி நிற்கும். ஒரே வரிசையில் வடிவமே வேறாக இருந்தால் எது முதல் வடிவம் என்று பெரும்பான்மை சொல்லும்.

பலகையின் பின்பக்கத்திலும் அடிச்சட்டத்திலும் பட்டறைப் பெயரோ பதிவுக் குறியோ புடைத்திருக்கிறதா என்று கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்துத் தேடுங்கள். தொடக்கத்தில் கிளாஸ்கோவின் மக்ஃபார்லன் போன்ற பிரிட்டிஷ் பட்டறைகளிலிருந்து வந்த சரக்கு, பிறகு உள்ளூர் வார்ப்பாலைகளின் கைக்கு மாறியது. அவர்கள் தங்கள் வடிவங்களைப் பதிவும் செய்தார்கள். குறி கிடைத்தால் அந்த வடிவம் எந்த ஆண்டுக்கு முன்னால் இருக்க முடியாது என்று தெரியும். வீட்டின் ஆண்டை உறுதிசெய்ய இதைவிட நேர்த்தியான சான்று முகப்பில் வேறு கிடையாது.

வண்ணம் பற்றி ஒரு வார்த்தை. பின்னல் என்றாலே வெள்ளை என்று இன்று நினைக்கிறோம். கரும்பச்சை, பழுப்பு, கல்நிறம் போன்ற அடர்ந்த வண்ணங்களே அன்று அதிகம் புழங்கின. சோதிக்க, மறைவான மூலையில் விரல்நக அளவு இடத்தைச் சிறு கத்தியால் படிப்படியாகச் சுரண்டி உருப்பெருக்கியில் பாருங்கள். அடியில் தெரியும் சிவப்பு ஈயப் பூச்சு துரு தடுப்பான், அசல் வண்ணம் அதன்மேல் உள்ளது. இந்தச் சிவப்பைப் பார்த்து வீட்டுக்கே சிவப்படித்தவர்கள் உண்டு. 1970க்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். பி2 முகமூடி போட்டு, ஈரப்படுத்தியே சுரண்டுங்கள். உலர்வாகத் தேய்க்கவே கூடாது. குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

உள்ளேயும் பின்னாலும்

உட்புறத்தில் பார்க்க வேண்டியவை: நடையின் பாதியில் வரும் வளைவும் அதன் இரு தாங்குகளும், கூரை நடுவில் உள்ள பூவேலை, பளிங்குக் கணப்பு மாடம், நான்கு பலகைக் கதவு, உயரமான ஸ்கர்ட்டிங், கயிறும் எடைக்கட்டியும் வைத்து மேலும் கீழும் நகரும் சாஷ் ஜன்னல். முன்னறையில் ஆடம்பரமும் மாடிப் பின்னறையில் வெறுமையும் இருப்பது குறையல்ல. விருந்தாளி நடமாடும் இடத்தில் பணம், வேலைக்காரர் நடமாடும் இடத்தில் சிக்கனம் என்ற அந்தக் காலத்துக் கணக்கு அது. அலங்காரம் எங்கே நின்றுபோகிறது என்பதைத் தரைப்படத்தில் ஒரு கோடாகப் போடுங்கள்.

பின்பக்கச் சந்துக்குள் பலர் எட்டிப் பார்ப்பதே இல்லை. நீலக்கல் பாவிய அந்தச் சந்து வழியாகத்தான் இரவில் மலக்கழிவை வண்டியில் எடுத்துப்போனார்கள். மெல்பர்னில் வீடுகளைப் பாதாளச் சாக்கடையோடு இணைப்பது 1897இல்தான் தொடங்கியது. பின்மதிலில் தரையோரம் அடைத்த சிறு சதுரம் தெரிந்தால் அது வாளியை எடுத்த வாயில். முன்னால் கலசமும் சிப்பியும், பின்னால் அந்த வாயில். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் வீட்டின் வரலாறு.

பிற்காலத்து மாற்றங்களையும் பதியுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப்பின் கார்ல்டன், ஃபிட்ஸ்ராய் வீடுகளில் இத்தாலிய, கிரேக்கக் குடும்பங்கள் ஏராளமாகக் குடியேறின. பால்கனியை அடைத்து அறையாக்கியது, வாசலில் புதிய தளம் போட்டது, பின்னால் திராட்சைப் பந்தல் போட்டது எல்லாம் அந்தக் காலத்துத் தடங்கள். ‘கெடுத்துவிட்டார்கள்’ என்று ஒரு வரியில் தள்ளுவது சோம்பேறித்தனம்.

ஐந்தாம் படி: காகிதம்

வீட்டில் பார்த்ததை ஆவணத்தோடு பொருத்த, கீழ்க்கண்ட வரிசை வேலையைச் சுருக்கும்.

1. விக்டோரியப் பாரம்பரியத் தரவுத்தளத்தில் முகவரியைத் தேடுங்கள். பழைய ஆய்வுக் குறிப்பு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதில் உள்ள ஆண்டை நீங்களே சரிபாருங்கள்.

2. விக்டோரிய மாநில நூலகத்தில் எம்எம்பிடபிள்யூ (மெல்பர்னின் பழைய குடிநீர், சாக்கடை வாரியம்) வரைந்த சாக்கடைப் படங்கள் இணையத்தில் உள்ளன. 40 அடிக்கு 1 அங்குலம் என்ற அளவிலான விவரப் படத்தை எடுங்கள். வராந்தா, பின்கட்டு, கழிப்பறை, வேலி எல்லாம் கோடாக இருக்கும். இன்றைய தரைப்படத்தை அதன்மேல் வைத்தால் எது பிற்சேர்க்கை என்று ஒரு பார்வையில் புலப்படும்.

3. சாண்ட்ஸ் அண்ட் மெக்டூகல் முகவரிப் புத்தகம். 1974 வரை வந்தது. கதவு எண்கள் இடையில் மாறியிருப்பதால் எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகாதீர்கள். குறுக்குத் தெருவிலிருந்து எத்தனையாவது வீடு என்று எண்ணிப் போங்கள். தப்பான குடும்பத்தின் வரலாற்றை எழுதிவிடும் விபத்து இங்கேதான் நடக்கிறது.

4. நகராட்சி வரிப் புத்தகங்கள். ஓராண்டு ‘நிலம்’ என்றும், அடுத்த ஆண்டு ‘செங்கல் வீடு, 7 அறை’ என்றும் மாறி, ஆண்டு மதிப்பும் தாவியிருந்தால் கட்டிய ஆண்டு கைக்கு வந்துவிட்டது. உரிமையாளர் ஒருவர், குடியிருப்பவர் வேறு என்றால் வாடகைக்குக் கட்டிய வரிசை. டெரஸ் வீடுகளில் பெரும்பாலும் இதுதான்.

5. ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் பழைய செய்தித்தாள்கள். கட்டடக் கலைஞரின் பெயர் டெண்டர் விளம்பரத்தில் ஒளிந்திருக்கும். வரிப் புத்தகம் காட்டிய ஆண்டுக்கு முந்தைய 18 மாதங்களை, தெருப் பெயரையும் ‘டெரஸ்’, ‘டூ-ஸ்டோரி’ போன்ற சொற்களையும் போட்டுத் தேடுங்கள்.

6. படங்கள். மாநில நூலகத்தில் ஜே. டி. காலின்ஸ் தொகுப்பும், 1970களின் தொடக்கத்தில் தெருத் தெருவாக எடுத்த கமிட்டி ஃபார் அர்பன் ஆக்ஷன் தொகுப்பும் உண்டு. கலசம் எப்போது போனது என்று இவை காட்டிக்கொடுக்கும்.

ஆறாம் படி: ஒப்பிட்டு, பிறகு எழுதுங்கள்

மதிப்பீட்டுக்கு எட்டு அளவுகோல்கள் உண்டு, ஏ முதல் எச் வரை. டெரஸ் வீட்டுக்கு வழக்கமாகப் பொருந்துபவை ஏ (வரலாற்றுப் போக்கில் முக்கியத்துவம்), டி (ஒரு வகையின் முதன்மை இயல்புகளைக் காட்டுதல்), இ (அழகியல்). பி (அரிது) பொருந்தும் என்றால் எதனோடு ஒப்பிட்டு அரிது என்று சொல்ல வேண்டும். எச் (முக்கிய மனிதரோடு தனித்த தொடர்பு) என்பதற்கு ஒரு பிரமுகர் ஆறு மாதம் வாடகைக்கு இருந்தது போதாது. எட்டையும் நிரப்பி வரும் அறிக்கையை யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டு அல்லது மூன்றை எடுத்து அழுத்தமாக நிறுவுங்கள்.

ஒப்பீட்டுக்கு ஏற்ற உதாரணம் ஈஸ்ட் மெல்பர்னில் நாடாளுமன்றத்தின் பின்னால் நிற்கும் டாஸ்மா டெரஸ். வின்ட்சர் ஹோட்டலை வடிவமைத்த சார்லஸ் வெப் வரைந்தது, 1878இலும் 1886–87இலும் இரு கட்டமாக எழுந்தது, மூன்று தளம். 1970களில் அதை இடிக்கப் பார்த்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. அந்தக் காலத்துப் போராட்டங்களின் விளைவாக 1974இல் விக்டோரியாவில் வரலாற்றுக் கட்டடச் சட்டம் வந்தது. டாஸ்மா டெரஸ் பின்னர் நேஷனல் டிரஸ்டின் தலைமையகம் ஆனது. ஆக, அதன் மதிப்பில் இரும்புப் பின்னலும் உண்டு, பாதுகாப்புச் சட்டத்தின் வரலாறும் உண்டு. உங்கள் வீட்டை இதோடு ஒப்பிட்டுத் தாழ்த்திக்கொள்ளத் தேவையில்லை. இது மாநில அளவு; உங்களுடையது உள்ளூர் அளவாக இருக்கலாம். அதே பேட்டையில், அதே பத்தாண்டில் கட்டிய நான்கைந்து வரிசைகளைத் தேர்ந்து, எத்தனை வீடு, எவ்வளவு அசல் மிச்சம், யார் வரைந்தது என்று ஒரு சிறு அட்டவணை போட்டாலே போதும்.

சிறப்புரைக்கு, அதாவது வீட்டின் சிறப்பைச் சுருக்கிச் சொல்லும் பகுதிக்கு, மூன்று கேள்வி வடிவம் நிலைத்துவிட்டது: எது சிறப்புடையது, எவ்வகையில், ஏன்? ஒரு கற்பனை வரிசைக்கு இப்படி எழுதலாம்:

*எது:* 1887இல் வாடகைக்காகக் கட்டிய நான்கு இரண்டடுக்கு வீடுகள். கைப்பிடிச் சுவர், நடு முக்கோணம், இறக்கைச் சுவர்கள், 1, 2, 4ஆம் வீடுகளின் அசல் இரும்புப் பின்னல், ஓட்டுத் தரை, பின்சந்து மதில். 3ஆம் வீட்டின் அலுமினிய ஃபிரீஸும் 1990களின் பின்கட்டும் சிறப்பில் சேரா. *எவ்வகையில்:* உள்ளூர் அளவில் வரலாற்று, வகைமாதிரி மதிப்பு. *ஏன்:* நிலப் பெருக்கக் காலத்தில் சிறு முதலீட்டாளர்கள் வாடகை வருமானத்துக்குக் கட்டியதை வரிசை முழுமையாகக் காட்டுகிறது (ஏ). தீத்தடுப்பு விதி உருவாக்கிய மெல்பர்ன் டெரஸ் வடிவத்தின் உறுப்புகளில் பெரும்பாலானவை அப்படியே உள்ளன (டி).

‘சிறப்பில் சேரா’ என்ற வரியை விட்டுவிடாதீர்கள். பின்னால் மாற்றம் செய்யப்போகிறவருக்கு மூச்சுவிட இடம் கொடுப்பது அந்த வரிதான்.

அறிக்கை கையில், வீட்டில் என்ன செய்யலாம்?

பாரம்பரியப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பான இகோமோஸின் ஆஸ்திரேலியக் கிளை வகுத்த பர்ரா சாசனம் (1979, கடைசித் திருத்தம் 2013) சொல்லும் அடிப்படை: தேவையான அளவுக்குச் செய், இயன்றவரை குறைவாக மாற்று. ஓவர்லே விதிப்படி, அதே பொருள், அதே அமைப்பு, அதே தோற்றத்தில் செய்யும் பழுதுபார்ப்புக்குப் பொதுவாக அனுமதி தேவையில்லை. இடிக்க, கட்ட, முகப்பை மாற்ற, மணல் பீச்ச, இதுவரை பெயின்ட் காணாத செங்கல்லுக்குப் பெயின்ட் அடிக்க அனுமதி வேண்டும். தெருவிலிருந்து தெரியும் சூரியத் தகட்டுக்கும் அப்படியே.

பழுதில் தண்ணீர்தான் முதல் எதிரி. கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தகர வாய்க்காலில் இலை அடைத்தால் நீர் சுவருக்குள் இறங்கி, முகப்புப் பூச்சு மாதக்கணக்கில் ஊறி, ஒருநாள் பாளமாக விழும். ஆண்டுக்கு இருமுறை ஏறிப் பாருங்கள். கீழே ஓதம் ஏறினால், சுவருக்கு ரசாயன ஊசி போடுகிறவரை அழைப்பதற்கு முன், தோட்ட மண்ணோ சிமென்ட் தளமோ தரையடிக் காற்றுத்துளையை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மூடியதை வெட்டித் தாழ்த்தினாலே பாதி ஓதம் அடங்கும்.

செங்கல் இணைப்பைச் சிமென்ட்டால் அடைப்பது மிகப் பரவலான தவறு. பழைய கலவை சுண்ணாம்பு; மென்மையானது; ஈரம் அதன் வழியே வெளியேறும். சிமென்ட் அடைத்தால் ஈரம் செங்கல் வழியே வெளியேறப் பார்க்கும், உப்புப் பூத்து, செங்கல்லின் முகம் உதிரும். பொதுவான கலவை 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு மணல். பழையதைக் கையுளியால் 25 மில்லிமீட்டர் ஆழத்துக்கு எடுத்து, நனைத்து, அடைத்து, ஈரச் சாக்குப் போட்டு மெல்ல உலரவிட வேண்டும். மின்கிரைண்டர் செங்கல்லின் ஓரத்தைத் தின்றுவிடும்.

பழைய பால்கனித் தடுப்பு இன்றைய விதி கேட்கும் 1 மீட்டர் உயரத்துக்குக் குறைவாக இருக்கும். மாற்று வேலையின்போது ஆய்வாளர் கேட்டால், பின்னலைக் கழற்றி உயரமானதைப் போடாதீர்கள். அதற்குப் பின்னால் மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றை உரிய உயரத்தில் தனியாகப் பொருத்தலாம். நாளை எடுக்கவும் முடியும். இடைவெளி 125 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அதையும் அதே சட்டத்தில் சமாளிக்கலாம்.

கட்டடக் கலைஞருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் நகராட்சியின் பாரம்பரிய ஆலோசகரோடு ஒரு சந்திப்புக் கேளுங்கள். சிறப்புரை, எம்எம்பிடபிள்யூ படம், பழைய புகைப்படம் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். தெருவிலிருந்து தெரியும் கைப்பிடிச் சுவர், வராந்தா, வேலி ஆகியவற்றை மீட்டெடுக்க விக்டோரியன் ஹெரிட்டேஜ் ரெஸ்டரேஷன் ஃபண்ட் மானியம் தருகிறது. உங்கள் நகராட்சி அதில் பங்கேற்கிறதா என்பதையும் அந்தச் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். வேலை தொடங்கும் முன்பே விண்ணப்பம் போய்விட வேண்டும்.